மூன்று முறை கழுவியது

1

வருடத்துக்கு ஒருமுறை மாலதி என்னைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போவாள். மலேசியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டு மாப்பிள்ளைகள் விசாவைப் புதுப்பிக்கப் போகும்போது மனைவியும் கூடவே வர வேண்டும். இந்த ஆள் இன்னும் என் புருஷன்தான் என்று அவள் கவுண்டரில் நின்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த முத்திரை விழும். எங்கள் கொங்குப் பக்கம் மாப்பிள்ளை என்றால் பந்தியில் முதல் இலை அவனுக்கு. இங்கே டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மனைவியின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் எதிர்த்துப் பேசுவதில்லை.

இந்த முறை கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், கணவருக்கு என்ன வேலை என்று கேட்டாள். மாலதி கொஞ்சமும் யோசிக்காமல், என்னிடம்தான் வேலை செய்கிறார் என்று மலாயில் சொன்னாள். உண்மைதான். கிள்ளானில் எங்கள் கடை அவள் பெயரில் இருக்கிறது. என் பெயரில் கடை வைத்தால் ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு படி ஏறி இறங்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எல்லோரும் பயமுறுத்திவிட்டார்கள். அதனால் அவள் முதலாளி, நான் கூலி. கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள் என்று மாலதிக்குப் புத்தியும் சொன்னாள்.

வெளியே வந்து காரை நோக்கி நடக்கும்போது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. சரசக்கா, உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் ஒரே அக்கா. அத்தான் போன பிறகு இரண்டு மாடு, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு என்று தனியாகவே பார்த்துக்கொள்கிறாள். காரணமில்லாமல் பகலில் கூப்பிடுகிறவள் இல்லை.

2

அக்கா சொன்னது புரிய வேண்டுமானால், நான் என்ன விற்கிறேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது பழுப்பு நிறத்தில் ஒரு தூள் உதிரும். எங்கள் பக்கம் நார் ஆலையை மஞ்சி மில் என்போம். நான் அங்கே இருந்த காலத்தில் அந்தத் தூளுக்கு நாதி கிடையாது. மில்லுக்கு வெளியே மலை மாதிரி குவிந்து கிடக்கும். யாராவது பீடித் துண்டைப் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். காற்று அடித்தால் பஸ் ஜன்னலை மூடிக்கொள்வோம். இன்றைக்கு அதே தூளை அழுத்தி, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கட்டிகளாக்கி, தூத்துக்குடியில் கப்பலேற்றி, கிள்ளான் துறைமுகத்தில் இறக்கி நான் பிழைக்கிறேன். கட்டியைத் தண்ணீரில் போட்டால் பல மடங்கு உப்பி மண்ணாகிவிடும். இங்கே மிளகாய், தக்காளி, கீரை போடுகிற பலர் தரையில் நடுவதில்லை. வரிசையாகப் பைகளை வைத்து, அதில் இந்தத் தூளை நிரப்பி, மெல்லிய குழாயில் உரத்தண்ணீரைச் சொட்டவிட்டு வளர்க்கிறார்கள். மலாயில் இதற்கு சாபுட் என்று பெயர்.

இது பசுமைப் பொருளா என்று கேட்டால், ஆமாம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். முன்பெல்லாம் இந்த வேலைக்குச் சதுப்புக் காட்டைத் தோண்டி எடுத்த கரிய மண்ணைத்தான் பயன்படுத்தினார்கள். கிள்ளானுக்குத் தெற்கே அந்த மாதிரிக் காடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அந்த நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், வெயில் காலத்தில் மண்ணே அடியில் பற்றிக்கொள்கிறது. மேலே மரம் பச்சையாக நிற்கும், கீழே நெருப்பு நடந்துகொண்டிருக்கும். புகை ஊரை மூடி, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியிலிருந்து செய்தி வரும். அந்த மண்ணைத் தோண்டாமல் தேங்காய் மட்டைக் கழிவைப் பயன்படுத்துவது நல்லதா கெட்டதா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்.

ஒரே ஒரு சிக்கல், உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. அது அப்படியே பைக்குள் போனால் நாற்று கருகும். அதனால் அனுப்புவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து அனுப்புவார்கள். இந்த வியாபாரத்தில் கழுவினது, கழுவாதது என்று இரண்டே ஜாதி. கழுவினதற்கு விலையும் மரியாதையும் அதிகம். எங்கள் கட்டியில் ஒட்டுகிற சீட்டில் பச்சை இலைப் படம் போட்டு, 'மெஸ்ரா ஆலாம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். இயற்கைக்கு உகந்தது என்று அர்த்தம். அதற்குக் கீழே, அதுவும் மலாயில், 'மூன்று முறை கழுவியது'. அந்த மூன்று என் யோசனை. எதிர்க்கடைக்காரர் இரண்டு என்று போட்டிருந்தார்.

சீட்டின் பெருமை பள்ளிக்கூடம் வரை போனது. என் மகள் தர்ஷினி இடைநிலைப் பள்ளியில் பசுமைக் கழகத்தில் இருக்கிறாள். பள்ளிச் சந்தையில் எங்கள் கட்டிகளை அடுக்கி வைத்து, "இது எங்க அப்பாவோட கம்பத்துல இருந்து வருது" என்று எல்லோரிடமும் சொன்னாளாம். கம்பம் என்றால் மலாயில் கிராமம். உடுமலைப்பேட்டையில் பெரிய பஸ் நிலையம் இருக்கிறது, சினிமாக் கொட்டகை இருக்கிறது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அது அப்பாவின் கம்பம்தான். அவள் அங்கே கடைசியாகப் போனபோது அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அத்தையோடு போனில் பேசச் சொன்னால் இரண்டு வார்த்தை தமிழ், நாலு வார்த்தை இங்கிலீஷ், பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

3

காரில் ஏறாமல் நிழலில் நின்று அழைப்பை எடுத்தேன். அக்காவின் முகம் தெரியவில்லை. போனைக் கிணற்றுக்குள் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதாடா தம்பி? நல்லாப் பாரு. டீத்தண்ணியாட்ட இருக்குது."

தெரிந்தது. போனில் நிறம் மாறித் தெரியுமோ என்று முதலில் நினைத்தேன். அக்கா ஒரு சொம்பில் மொண்டு வெயிலில் பிடித்தாள். சந்தேகமே இல்லை. பால் ஊற்றாத டீ.

"எப்போ இருந்துக்கா?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஆச்சு. மொதல்ல மழத்தண்ணி எறங்கிருச்சாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன். இப்ப மாடு மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்குது. நான் குடிக்கறத நிறுத்திட்டேன். பக்கத்துத் தோட்டத்துலதான் மஞ்சித் தூள் களம் போட்டுருக்கறாங்கல்லோ, அவிய கழுவி உடற தண்ணிதான். போயிக் கேட்டா, எக்ஸ்போர்ட்டுங்கா, நாங்க என்ன பண்றதுங்கறாங்க."

பேசிக்கொண்டே வேலி ஓரம் வரை நடந்தாள். சிமெண்ட் தொட்டிகள் தெரிந்தன. ஒரு ஆள் பெரிய குழாயைப் பிடித்துத் தூளை நனைத்துக்கொண்டிருந்தான். தொட்டியின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு பள்ளத்துக்கு ஓடி, அங்கேயே தேங்கி, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. களத்தின் ஓரத்தில் காய்ந்து அழுத்தின கட்டிகள் பிளாஸ்டிக் தாள் சுற்றி அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் பச்சை இலைச் சீட்டு.

"என்னமோ இங்கிலீசுல எழுதி ஒட்டிருக்குது பாரு" என்றாள் அக்கா.

"அது இங்கிலீசு இல்லக்கா. மலாய்."

"உங்கூரு பாஷையா?"

"ஆமாக்கா. அது எங்க சரக்கு."

பொள்ளாச்சியில் இருக்கும் ஏற்றுமதிக்காரரிடம்தான் நான் வாங்குகிறேன். அவர் எங்கெங்கே இருந்து சேர்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. சீட்டுகளை மட்டும் நான் இங்கே அச்சடித்து அனுப்பிவைப்பேன். அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். எதைச் சொன்னாலும் சாக்குச் சொல்வது போலத்தான் இருந்தது.

அக்கா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். பிறகு சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"அப்ப இத்தன நாளும் என்ற கெணத்தத்தான் அங்க கொண்டுபோயி வித்துட்டு இருந்தியா?"

போனை வைத்த பிறகு எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாலதி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்தக் கிணறு தெளியாமல் நான் 'மூன்று முறை கழுவியது' என்று இன்னொரு சீட்டு ஒட்டப் போவதில்லை என்று சொன்னேன். அந்த நிமிஷத்து ஆவேசத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று அவள் பிடித்துக்கொண்டாள்.

4

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. மத்தியானம் ஆனால் வானம் கறுக்கும், சாயங்காலத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வைப்பர் வேகம் பத்தாமல் மாலதி ஓரமாக வண்டியை நிறுத்தினாள். சாலையோரச் சாக்கடையை இங்கே லோங்காங் என்போம். அது நிரம்பி ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? இங்க இவ்ளோ மழை பேயுது. எல்லாம் சும்மா லோங்காங்ல போவுது. அங்க மழையில்லாத ஊர்ல கெணத்துத் தண்ணிய எடுத்து கழுவி, காயவெச்சு, கப்பல்ல ஏத்தி இங்க கொண்டு வரோம். வந்ததும் மறுபடி தண்ணியில ஊறவெக்கிறோம். நமக்கு மூளை இருக்கா இல்லையா?"

அவள் கோபத்தில் கேட்டாள். எனக்கு அது கணக்காகவே பட்டது. மழை விடும் வரை காரிலேயே உட்கார்ந்து பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். இனிமேல் எனக்குக் கழுவாமலே அனுப்புங்கள் என்றேன்.

ஏற்றுமதிக்காரர், "சார், உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்குது?" என்று கேட்டார். "எல்லாரும் இன்னுங் கொஞ்சம் கழுவுங்கன்னு சண்டை போடறாங்க. நீங்க கழுவவே வேண்டாங்கறீங்க. அப்பறம் உப்பு, கிப்புன்னு திருப்பி அனுப்பிச்சா நான் வாங்க மாட்டேனுங்க." அக்கா தோட்டத்துப் பக்கத்துக் களம் கழுவுவது எங்கள் சரக்கை மட்டும்தான் என்று அவர் வாயாலேயே தெரிந்தது. நான் வேண்டாம் என்றால் அங்கே வெறுமனே காயவைக்கிற வேலைதான் நடக்கும். அதுவரைக்கும் நல்லது.

சீட்டை மாற்ற வேண்டியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்கு வழக்கமாக அச்சடித்துக் கொடுக்கும் கடைக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன அறை, கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசத்தின் வாசனையிலேயே அவர்கள் எழுத்துக் கோப்பார்கள். அங்கே இருந்த தம்பி கணினியில் பழைய சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"மூணு முறை கழுவியது, எடுத்தாச்சு. அந்த எடத்துல என்ன போடணும் போஸ்?"

"கழுவாதது. உப்பு உண்டு. மழையில் கழுவிக்கொள்ளவும்."

அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "போஸ், நீங்க இத விக்கப் போறீங்களா, இல்ல வேணாம்னு சொல்லப் போறீங்களா?"

மாலதியிடம் போனில் கேட்டோம். அவன் என்னை போஸ் என்றாலும் முதலாளி அவள்தானே. உப்பு உண்டு என்பதைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னாள். 'மெஸ்ரா ஆலாம்' இருக்கட்டுமா என்று தம்பி கேட்டான். இருக்கட்டும் என்று வாய் வரை வந்தது. எடுத்துவிடு என்றேன். பச்சை இலை மட்டும் தனியாக, எதற்கென்று தெரியாமல் நின்றது.

5

எங்கள் சரக்கில் பெரும்பகுதியை வாங்குகிறவர், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரில் மிளகாய் போடும் ராமு அண்ணன். அவர் வேண்டாம் என்றால் கடையை இழுத்து மூடிவிட்டு நான் நிஜமாகவே கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். தோட்டப் பிள்ளை அவர். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து, லோரி ஓட்டி, கடைசியில் சொந்தமாக நிலம் குத்தகைக்கு எடுத்து வரிசை வரிசையாகப் பைகள் அடுக்கி வைத்திருக்கிறார். ஊசி போட்ட மாதிரி ஒவ்வொரு பைக்கும் ஒரு குழாய். பேனா மாதிரி ஒரு மீட்டரைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அதில் முக்கி உப்பு எவ்வளவு என்று பார்ப்பார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது ரசத்தில்கூட முக்கப் போனவர்.

"வா வா போஸ், பசியாறியாச்சா?"

ஆச்சு என்று பொய் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கிணற்றின் படத்தையும் காட்டினேன். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது உங்க அக்கா வீட்டுக் கெணறா? அய்யோ. பாவம் லா." பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா போஸ், நானும் சொல்லிப்புடறேன். உப்போட வந்துச்சுன்னா என் செடி நாலு நாள்ல கருகிரும். ஒரு சீசன் போச்சுன்னா நான் எந்திரிக்க முடியாது. இது சுசா வேலை, ரொம்பக் கஷ்டம்."

"இங்கேயே மழையில கழுவித் தரேன் அண்ணே. நீங்களே மீட்டர் வெச்சுப் பாத்துட்டு எடுத்துக்கங்க. சரியில்லேன்னா எடுக்க வேணாம்."

"மழை வரலேன்னா?"

கிள்ளானில் மழை வரலேன்னா என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு முறை பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். போகும்போது ஒரு பை நிறைய மிளகாய் கொடுத்தார். அது எங்கள் பழைய சரக்கில் விளைந்தது. காரில் வரும் வழியெல்லாம் அதன் வாசனை வந்துகொண்டிருந்தது. அக்கா ஊரில் தூள் கழுவச் செலவான தண்ணீர் அங்கேயே மிளகாய்க்குப் போயிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

6

கழுவாத சரக்கு வந்து இறங்கியது. கடைக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. அதில் மரச் சட்டம் அடித்து, வலை விரித்து, உப்பிய தூளை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினேன். மழை நேரத்துக்கு வந்தது. நானும் தர்ஷினியும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வலைக்கு அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கி, பிறகு ஓடத் தொடங்கியது. எனக்கு மனசு நிறைந்துபோனது. ஊர் மழை வீணாகப் போகவில்லை, அக்கா கிணறும் பிழைத்தது. பெரிய மேதாவி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மகள்தான் கவனித்தாள்.

"பா, லோங்காங் பாருங்க. தே ஓ கலர்ல, பாலில்லாத டீ மாதிரி ஓடுது."

எங்கள் கடையிலிருந்து இறங்கிய பழுப்புத் தண்ணீர் சாக்கடையில் விழுந்து, பக்கத்துக் கடைகளைத் தாண்டி, குடியிருப்புப் பக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாக்கடை கடைசியில் கிள்ளான் ஆற்றில் விழுகிறது. ஏற்கெனவே அந்த ஆற்றைப் பற்றிப் பெருமைப்பட்டுச் சொல்ல அதிகம் இல்லை. அதனால் என்ன என்று கேட்க நான் வாயெடுத்தேன்.

"அத்தை கெணத்துல இருந்தது இதுதானே? அங்க போட வேணாம்னுதான இங்க கொண்டு வந்தீங்க? இப்ப இங்க போடறீங்க."

"மழைத் தண்ணியோட கலந்து போயிரும்மா."

"அங்கயும் அப்படித்தான் சொல்லிருப்பாங்க பா."

அதை அவள் தமிழில் சொன்னாள், முழு வாக்கியமாக. வேறு ஒரு நாளாக இருந்தால் அதற்காகவே சந்தோஷப்பட்டிருப்பேன். எதிர்வீட்டு ஆன்டி மறுநாள் மாலதியிடம், உங்க கடையிலிருந்து என்ன சாயம் போகிறது என்று கேட்டுவிட்டாள். நகராண்மைக்கு யாராவது படம் எடுத்து அனுப்பினால் கதை கந்தல். நான் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டேன். கிணறு பிழைக்க வேண்டுமென்றால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். அந்த எங்கேயாவது என்பது எப்போதும் யாரோ ஒருவரின் வாசலாக இருக்கிறது.

ராமு அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் நிலத்தின் கோடியில் யாரோ எந்தக் காலத்திலோ நட்ட தென்னை மரங்கள் நின்றன. அதற்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, தடித்த பிளாஸ்டிக் விரித்து, கழுவுகிற தண்ணீரை அதில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னைக்கு விடுவோம் என்றார். தென்னைக்கு உப்பு பழக்கம், அதோட மட்டையில இருந்து வந்ததுதானே லா, அது வீட்டுக்கே திரும்பப் போவுது என்றார். சரியாக வருமா என்று அவருக்கும் நிச்சயமில்லை. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற நான் முதலில் வாங்கியது ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள் என்பதை மட்டும் மாலதி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

கழுவிய தூளிலிருந்து வடியும் தண்ணீரில் அண்ணன் மீட்டரை முக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இன்னும் ரெண்டு மழை என்றார். ரெண்டு மழை கழித்து மறுபடி முக்கினார். இன்னும் ஒண்ணு என்றார். அதற்கும் பிறகு மீட்டரைச் சட்டைப் பையில் செருகிவிட்டு ஒரு கைப்பிடித் தூளை அள்ளி, நாற்று ஒன்றை அதில் வைத்து அழுத்தினார். இந்தப் பக்கம் வாழ்கிற நாங்கள் மழையைச் சபிக்காமல் எண்ணிக் காத்திருந்தது அந்த மாதம்தான். நாற்று கருகவில்லை.

7

அன்றிலிருந்து வாரம் தவறாமல் அக்காவைக் கூப்பிட்டுக் கிணறு எப்படி என்று கேட்டேன். களத்தில் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள் என்றாள். தண்ணீர் எப்படி என்று கேட்டால், "பரவால்லடா, தெளியுது" என்பாள். வீடியோவில் காட்டச் சொன்னால் போனில் சார்ஜ் இல்லை என்பாள், கிணற்று மேட்டில் சிக்னல் இல்லை என்பாள். முன்பு அங்கே நன்றாகச் சிக்னல் இருந்தது. நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. தெளிகிறது என்ற வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். சாப்பாடு ருசித்தது, தூக்கம் வந்தது.

தீபாவளிக்கு அக்காவை வரவழைத்தோம். முதல் தடவை விமானம் ஏறியவள், இறங்கி வரும்போது ஏதோ பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி நடந்து வந்தாள். தர்ஷினிக்கு அத்தையின் கொங்குத் தமிழ் பாதி புரியவில்லை. அக்காவுக்கு அவள் பேசுவதில் பாதி புரியவில்லை. ஆனால் சாமி, அம்மிணி என்று கூப்பிட்டால் அவள் அறைக்குள் போகாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் ராமு அண்ணன் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். அக்கா ஒரு பைக்குள் விரலை விட்டுத் தூளை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். மிளகாய்ச் செடியைத் தடவினாள். "நல்லா வந்திருக்குதுங்க" என்று அண்ணனிடம் மரியாதையாகச் சொன்னாள். அண்ணனுக்கு ஒரே கூச்சம்.

வீட்டில் அக்கா குளிக்கப் போனால் வர வெகு நேரம் ஆனது. கைகழுவும்போது குழாயைத் திறந்து வைத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலதி கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. அக்கா கொண்டுவந்த துண்டுங்க. மெஷின்ல போட்டுப் போட்டுப் பாத்துட்டேன். போகவே மாட்டுது."

இரண்டு வெள்ளைத் துண்டுகள். வெள்ளை என்று நெசவை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நிறம் இளம் பழுப்பு, துண்டு முழுக்க ஒரே சீராக. பின்னாலேயே அக்கா வந்துவிட்டாள்.

"அது பழந்துண்டும்மிணி, விடு. தொடைக்கறதுக்கு வெச்சுக்க."

"பழசா?" மாலதி துண்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். கடைக்காரன் தைத்த சின்ன அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. "புதுசுக்கா. ஒரு தடவதான் நனைச்சிருப்பீங்க."

அக்கா அந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புதுத்துணியக் கஞ்சி போக ஒருக்கா அலசிக் கொண்டுவரணும்னு அலசிப்போட்டேன். வேற தண்ணியில அலசீருக்கோணும். புத்தி வேல செய்யல."

"குடிக்க?" என்று கேட்டேன்.

"கேன் தண்ணி வாங்கிக்கறேன். மாட்டுக்கு டிராக்டர்ல கொண்டாந்து ஊத்தறாங்க. ஒரு மாட்டக் குடுத்துட்டேன். ஒண்ணு இருக்குது."

"தெளியுதுன்னு சொன்னியேக்கா."

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? நீ பாட்டுக்கு இங்க லாபத்த உட்டுட்டு, குழி வெட்டறேன், மழைக்கு நிக்கறேன்னு கெடக்கறே. இன்னும் தெளியலன்னு வாரா வாரம் உன்ற காதுல போடறதா? நீ நிறுத்திப்போட்டேன்னு எனக்குத் தெரியும்டா. கெணத்துக்குத் தெரிய நாளாகும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. மாலதி துண்டுகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு அக்காவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தர்ஷினி எப்போது வந்து கதவருகில் நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. இந்தப் பேச்சு அவளுக்கு முழுவதும் புரிந்திருந்தது.

"எத்தன நாளாகும் அத்தை?"

அக்கா அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"எத்தன வருசம் கழுவுனாங்களோ, அதுக்குத் தக்கன ஆகும் சாமி. எத்தன வருசம்னு உங்கப்பனத்தான் கேக்கோணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் களத்திலிருந்து எப்போது முதல் எனக்குச் சரக்கு வருகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.